நுணா மரத்தடியில் புதைத்தவை

பக்கீர் முகம்மது வெட்டுகிற குழியில்தான் படுப்பேன் என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லிவைத்தவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். குடமுருட்டி ஆற்றங்கரை ஊர். பாபநாசத்தில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்கிவிடலாம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், ஊர் இடுகாடான மையத்தாங்கொல்லையில் இடுப்பளவு தோண்டுவதற்குள் ஊற்றெடுக்கும். விஷயம் தெரியாதவன் வெட்டினால் இறந்தவரைத் தண்ணீரில்தான் இறக்க வேண்டியிருக்கும். பக்கீர் முகம்மதுவோ எங்கே களி, எங்கே மணல் என்று காலால் மிதித்தே சொல்லிவிடுவார். அவர் வெட்டினால் குழியின் பக்கம் சரியாது. கடைசியாக உள்ளே இறங்கி, தரையைக் கையால் தடவி, உறுத்துகிற சின்னக் கல்லைக்கூடப் பொறுக்கி எறிந்த பிறகுதான் மேலே ஏறுவார். படுக்கப் போகிறவருக்கு உறுத்தாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அதை விடமாட்டார்.

ஆள் நல்லவர். ஆனால் நல்லவர்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. தான் நினைத்ததுதான் சரி என்கிற நோய். அதற்கு எந்த மெடிக்கல் ஷாப்பிலும் மாத்திரை கிடையாது.

மையத்தாங்கொல்லையின் மூலையில் ஒரு நுணா மரம் நிற்கிறது. அதன் அடியில் முழு ஆள் யாரும் இல்லை. சர்க்கரை நோயில் எடுத்த கால், அரிசி மில் பெல்ட்டில் போன விரல், குறை மாதத்தில் விழுந்தது, ஆபரேஷனில் அறுத்தது, இப்படி மனித உடம்பிலிருந்து முன்கூட்டியே கழன்றுகொண்டவையெல்லாம் அங்கே இருக்கின்றன. உடம்பிலிருந்து பிரிந்ததை மண்ணில் புதைப்பது முன்பிருந்தே உள்ள வழக்கம்தான். ஆனால் அதை ஊரே கடைப்பிடிக்கும்படி செய்தவர் பக்கீர் முகம்மது. பல வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் நாய் ஒன்று எதையோ கவ்விக்கொண்டு ஓடியதைப் பார்த்துவிட்டு வந்தார். அது என்ன என்று மனைவி சஃபியாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று முழுக்கச் சோற்றில் கை வைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்:

"உடம்புலேர்ந்து எது போனாலும் எங்கிட்ட கொண்டாந்துடுங்க. எந்த நேரமா இருந்தாலும் சரி. மனுஷன் சதை மண்ணுக்குத்தான், குப்பைக்கு இல்ல."

ஊர் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதோடு பெருமையும் பட்டது. உரக்கடை ஜெகபர் அலி, அதாவது பள்ளிக்கூடத்திலிருந்தே பக்கீர் முகம்மதுவின் கூட்டாளி, தன் மனைவி கமருன்னிஸாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியைப் பாட்டிலோடு கொண்டுவந்து கொடுத்தார். பக்கீர் முகம்மது அதைப் புது வெள்ளைத் துணியில் சுற்றி, அடக்கம் செய்கிற மரியாதையோடு நுணா மரத்தடியில் வைத்து மண் தள்ளினார். ஜெகபர் அலி நின்று அழுதார். "நீ ஒருத்தன் இருக்கியே, அது போதும்டா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நூறு குழி வெட்டலாம் என்று பக்கீர் முகம்மதுவுக்குத் தோன்றியது.

அந்த வருடம் சம்பா அறுவடை முடிகிற சமயத்தில்தான் அவருக்கு அந்த இடத்தில் ஒரு கட்டி வந்தது.

எந்த இடம் என்று சொல்லத்தான் வேண்டும். ஆசனவாய்க்கு ஓரத்தில். மூலம், பவுத்திரம் என்கிற இரண்டு வார்த்தைகளும் நம் ஊர்ச் சுவர்களில் இருக்கிற அளவுக்கு மனிதர் வாயில் இருப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு கக்கூஸிலிருந்து ரயில்வே பாலம் வரைக்கும் 'ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று எழுதிவைத்திருப்பான். ஆனால் வீட்டில் யாராவது "எனக்கு அங்கே வலிக்கிறது" என்று சொல்லிக் கேட்டதுண்டா? பக்கீர் முகம்மதுவும் சொல்லவில்லை. சூடு என்றார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். இளநீர் குடித்தார். உட்கார முடியாமல் நின்றுகொண்டே டீ குடித்தார். கட்டி தானே உடைந்தது, வலி குறைந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஆனால் உடைந்த வாய் மூடவில்லை. சீழ் கசிந்தது. மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறந்தது.

வலியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்வெட்டி பிடித்த உடம்பு, வலி தாங்கும். அவரைத் தின்றது வேறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில், இரண்டாவது வரிசையில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் அவரும் ஜெகபர் அலியும் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். தாடி முளைப்பதற்கு முன்னாலிருந்தே அந்த இடம். சீழ் கசிந்தால், தொழுகைக்காகக் கைகால் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிடும், துணியும் சுத்தமில்லை. கைலிக்குள் துணி வைத்துக் கட்டிக்கொண்டு போனார். குனிந்து எழும்போது பின்வரிசைக்காரன் கண் எங்கே போகிறது என்பதிலேயே அவருடைய நினைப்பு இருந்தது, ஓதுவதில் இல்லை. "என்னை எது வேணா பண்ணு, அந்த வரிசையிலேர்ந்து மட்டும் எடுத்துடாத" என்று இறைவனிடம் கேட்டார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

கடைசியில் சஃபியாதான் கண்டுபிடித்தார். துணி துவைக்கிறவர் கண்ணுக்கு எது தப்பும்? கும்பகோணத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமுக்கு அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் பவுத்திரம் என்றார். தினம் நான்கு ஆபரேஷன் செய்கிற கை. வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்றார். வெட்டி எடுத்தார்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஷீபா ஒரு சின்னப் பாட்டிலைக் கொண்டுவந்து சஃபியாவிடம் நீட்டினார். "அம்மா, இது அவரோட சதை. எதிர்ல லேப் இருக்குல்ல, அங்க கொடுத்துடுங்க. ரிசல்ட் வந்ததும் டாக்டர்கிட்ட காட்டுங்க." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சஃபியா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

கவிழ்ந்து படுத்திருந்த பக்கீர் முகம்மது கேட்டார். "எங்க போற?"

"லேப்ல கொடுக்கச் சொன்னாங்க."

"அதுல பார்க்குறதுக்கு என்ன இருக்கு? பவுத்திரம்னு சொன்னாரு, வெட்டியாச்சு. பார்த்துட்டு எங்க போடுவான்? குப்பையில போடுவான். ஊரு சதையெல்லாம் நான் மண்ணுல வச்சேன், என் சதை நாய்க்கா?"

"டாக்டரு கேட்டா என்னங்க சொல்றது?"

"கேக்கட்டும், பார்த்துக்கலாம்."

டாக்டர் கேட்கவில்லை. கட்டுப் பிரிக்க மூன்று முறை போனார்கள், மூன்று முறையும் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தால் அவர் தன் பெயரையே மறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள், காலை அகட்டி அகட்டி வைத்துக்கொண்டு, பக்கீர் முகம்மது தானே நுணா மரத்தடிக்குப் போய்த் தன் சதையைத் தானே அடக்கம் செய்தார். "முன்பணம் கட்டியாச்சு" என்று ஜெகபர் அலியிடம் சிரித்தார். ஊருக்குள் இது ஒரு வேடிக்கையாகவே சுற்றியது.

புண் ஆறுவதுபோல ஆறியது. நடவு ஆரம்பிப்பதற்குள் திரும்ப வந்தது.

இரண்டாவது முறையும் அதே ஆஸ்பத்திரி, அதே வெட்டு, கொஞ்சம் ஆழமாக. அதே பாட்டில். அதே நுணா மரத்தடி. "சில பேருக்குத் திரும்ப வரும்" என்றார் டாக்டர். சில பேருக்கு ஏன் திரும்ப வருகிறது என்று இவரும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. டாக்டரிடம் காட்டப் போகிற நாளிலெல்லாம் பக்கீர் முகம்மது விடியலிலேயே எழுந்து, வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, டெட்டால் போட்டு, புதுத் துணி கட்டிக்கொண்டு, அத்தர் பூசிக்கொண்டு போவார். ஒரு பெரிய மனிதரிடம் அழுக்கைக் காட்டுவதா? ஆகவே டாக்டர் பார்த்ததெல்லாம் துடைத்துவைத்த புண்ணைத்தான். வீட்டில் சஃபியா பார்த்தது வேறு. சீழோடு மஞ்சளாகச் சின்னச் சின்ன மணி, ரவை மாதிரி, துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"என்னங்க, துணியில ரவையாட்டம் வருது. டாக்டர்கிட்ட சொல்லுவோமா?"

"இதையெல்லாம் போய் நாலு பேர் முன்னாடி சொல்லுவியா? வெட்கமில்ல?"

சஃபியா துணியைக் கொதிக்கவைத்துத் துவைத்துக் காயப்போட்டார்.

அந்த மழைக்காலத்தில் கமருன்னிஸா போய்ச் சேர்ந்தார். மார்புக் கட்டியை எடுத்துச் சரியாகிவிட்டது என்றிருந்த பெண். முதுகு வலி என்றார், பிறகு மூச்சு வாங்குகிறது என்றார், தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது எலும்பு, நுரையீரல் எல்லா இடத்திலும் பரவிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கீர் முகம்மதுவுக்கு அப்போது குனிந்தாலே உயிர் போனது. ஆனால் கமருன்னிஸாவின் குழியை வேறொருவன் வெட்டுவதா? கொட்டுகிற மழையில், தார்ப்பாய் பிடிக்கச் சொல்லி, ஊறுகிற தண்ணீரை இறைத்து இறைத்து வெட்டினார். தரையைத் தடவிக் கல் பொறுக்கினார். மேலே ஏறி வந்தபோது கைலியின் பின்பக்கம் முழுக்க ரத்தமும் சீழும். மழை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஜெகபர் அலிக்கு மட்டும் தெரிந்தது. தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டார். அதுதான் பக்கீர் முகம்மது வெட்டிய கடைசிக் குழி.

அதற்கடுத்த வருடம் மூன்றாவது ஆபரேஷன், அந்தப் பாட்டிலும் நுணா மரத்தடிக்கே. அதற்குப் பிறகு அவருக்கு அடக்குகிற சக்தி போய்விட்டது. ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்க முடியாது என்பார்கள். பக்கீர் முகம்மதுவுக்கு மூத்திரம் அடங்கியது, மற்றது அடங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ருகூவில் குனிந்த நேரத்தில், அவருக்குத் தெரியாமலேயே ஆகிவிட்டது. நாற்றம் வரிசை முழுக்கப் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இடப்பக்கம் நின்றவர் ஓரடி நகர்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் நின்றவரும் நகர்ந்தார். எத்தனை பேருடைய அத்தாவுக்கும் அம்மாவுக்கும் குழிவெட்டி, எத்தனை அழுகிய காலை மூக்கைப் பொத்தாமல் வாங்கிப் புதைத்த மனிதர். அவருக்காக ஒரு நிமிடம் மூச்சை அடக்கிக்கொள்ள அந்த வரிசையில் ஆளில்லை. வலப்பக்கம் ஜெகபர் அலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தொழுகை முடிவதற்கு முன்பே பக்கீர் முகம்மது வெளியேறினார். அதன்பிறகு அவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை.

ஜெகபர் அலி வாராவாரம் தன் பக்கத்தில் கைக்குட்டையை விரித்து இடம் போட்டு வைத்தார். பயான் பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்து நிற்கும்போதுதான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். ஊரில் சிலர் சிரித்தார்கள். "வராத ஆளுக்கு சீட்டுப் போடுறாரு, டவுன் பஸ்ஸு கணக்கா." ஜெகபர் அலி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தஞ்சாவூருக்குப் போகலாம் என்று பிடித்து இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பரிதி என்றொரு டாக்டர். சின்ன வயது. முகத்தைச் சுளிக்காமல் நெடுநேரம் பார்த்தார். "இத்தனை தடவை வெட்டியும் வருதுன்னா இது சாதாரண பவுத்திரமா தெரியலைங்க" என்றார். மயக்கம் கொடுத்துச் சதையில் கொஞ்சம் எடுத்து, பாட்டிலை யார் கையிலும் கொடுக்காமல், தன் ஆளிடமே லேபுக்கு அனுப்பினார். பக்கீர் முகம்மதுவுக்கு அது பிடிக்கவில்லை. "பார்த்து முடிச்சதும் என் சதைய எனக்குத் திருப்பித் தரணும்" என்றார். "கேட்டு வாங்கித் தரேங்க, கவலைப்படாதீங்க" என்றார் டாக்டர், ஏன் எதற்கு என்று கேட்காமல்.

முடிவு வந்த அன்று சஃபியாவும் கூட இருந்தார். ஜெகபர் அலி வெளியே மருந்து வாங்கப் போயிருந்தார்.

"புத்துநோய் இல்லைங்க, முதல்ல அதைச் சொல்லிடுறேன். டிபியும் இல்லை" என்று ஆரம்பித்தார் பரிதி. "இது ஒரு கிருமி. ஆக்டினோமைசிஸ்னு பேரு. எல்லார் வாயிலயும் குடல்லயும் சும்மா கிடக்கிறதுதான். எப்பவாவது யாரோ ஒருத்தருக்கு சதைக்குள்ள புகுந்துடும். ரொம்ப அபூர்வம், நானே ரெண்டு பேரைத்தான் பார்த்திருக்கேன். வெட்டுனா மட்டும் போகாது. வெட்டின இடத்துக்குப் பக்கத்துலயே வேற வழி பண்ணிக்கும். சீழ்ல மஞ்சளா, ரவை மாதிரி ஏதாவது வந்துச்சா?"

பின்னால் நின்ற சஃபியா, "வந்துச்சுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு மூன்று வருடம் பிடித்திருந்தது.

"இதுக்கு மருந்து இருக்கா?" என்று அவரே கேட்டார்.

"இருக்குங்க. பென்சிலின் வகை மருந்து. மாசக்கணக்கா விடாம எடுக்கணும், அவ்வளவுதான். நல்லா கேக்கும்." டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினார். "முதல் ஆபரேஷன்லயே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வெட்டியிருக்கவே வேணாம். சதையை டெஸ்டுக்கே அனுப்பலையா அவங்க?"

"அனுப்பினாங்க" என்றார் பக்கீர் முகம்மது.

"ரிசல்ட் எங்க?"

"நான் கொடுக்கலைங்க." பக்கீர் முகம்மது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொதைச்சுட்டேன். மூணு தடவையும்."

பரிதி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அவர் பொறுமையாகச் சொன்னார். கிருமி மருந்துக்குப் போய்விடும். ஆனால் ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கிற தசை வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுப் போய்விட்டது, அது திரும்ப வராது. வயிற்றின் இடப்பக்கம் ஒரு வாய் திறந்து பை வைத்துவிடலாம். பழகிவிடும். எத்தனையோ பேர் அப்படி வாழ்கிறார்கள்.

பக்கீர் முகம்மது அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாரா என்பதே சந்தேகம். அவர் மனது வேறெங்கோ போயிருந்தது. திடீரென்று கேட்டார்:

"டாக்டர், பொம்பளைங்களுக்கு மார்ல கட்டி எடுத்தா... அதையும் இந்த மாதிரி பார்க்கணுமா?"

"அதைத்தாங்க கட்டாயமா பார்க்கணும். வெறும் கட்டியா புத்துநோயான்னு அதுலதான் தெரியும். புத்துநோய்னா உடனே அடுத்த வைத்தியத்தை ஆரம்பிச்சுடலாம், நிறைய பேர் பிழைச்சுக்குறாங்க. எடுத்ததோட விட்டுட்டா உள்ளுக்குள்ள பரவிடும்." பரிதி நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குங்க?"

"யாருக்கும் இல்லைங்க" என்றார் பக்கீர் முகம்மது.

அன்று ஜெகபர் அலி பாட்டிலோடு வந்து நின்றது அவருக்கு நினைவுக்கு வந்தது. "லேப்ல கொடுக்கச் சொன்னாங்கடா, என்ன பண்றதுன்னு தெரியல" என்று தயங்கித்தான் நின்றார் ஜெகபர் அலி. கேட்கத்தான் வந்தார். அதற்கு இவர் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் காதில் விழுந்தது. "கட்டிய எடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன? உன் பொஞ்சாதி மார்ச்சதைய எவனோ மேசைல போட்டு அறுக்கணுமா?" அதைக் கேட்டதும் ஜெகபர் அலியின் கை தானாக நீண்டது. பாட்டில் கை மாறியது. அந்தக் கட்டியைப் புதைத்ததும் இதே கைதான், அடுத்த மழைக்காலத்தில் கமருன்னிஸாவுக்கே குழி வெட்டியதும் இதே கைதான். இடையில் இருந்த மாதங்களில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜெகபர் அலி உள்ளே வந்தார். "என்னடா, என்ன சொல்றாரு? குணமாயிடுமா?"

"ஆயிடுமாம்" என்றார் பக்கீர் முகம்மது.

குணமாகத்தான் செய்தது. மாத்திரை ஏறியதும் சீழ் வற்றியது. மூன்று வருடமாக மூடாத புண்கள் ஒவ்வொன்றாக மூடின. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற பழைய மாத்திரை, பிள்ளைகளுக்குத் தொண்டை வலிக்குக் கொடுக்கிற ஜாதி. வயிற்றில் பை தொங்கியது. சஃபியா அதை மாற்றக் கற்றுக்கொண்டார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை அந்த அம்மாள். பேசாமல் இருப்பதே ஒரு பேச்சுதான் என்பது பக்கீர் முகம்மதுவுக்குத் தெரியும்.

ஒரு நாள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தை வீட்டுக்கு வரவழைத்துக் கேட்டார். பையோடு தொழலாமா?

"தாராளமா வாங்க. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சுக்குங்க, போதும். உங்களால ஆகாததை அல்லாஹ் உங்ககிட்ட கேக்க மாட்டான்" என்றார் ஹஜ்ரத்.

"இன்னொண்ணு கேக்கணும் ஹஜ்ரத். உடம்புலேர்ந்து எடுத்ததைப் பொதைக்கணும்தானே?"

"பொதைக்கிறதுதான் முறை."

"டெஸ்டு பண்ணாம பொதைக்கணும்னு இருக்கா?"

ஹஜ்ரத் ஆச்சரியப்பட்டார். "அப்படி யாரு சொன்னது? வைத்தியம் பார்த்துக்கச் சொல்லித்தானே நமக்குச் சொல்லியிருக்கு? பார்த்துட்டுப் பொதைங்க. மண்ணு எங்கயும் ஓடிப் போயிடாதே?"

மண் ஓடிப் போகாது. முப்பது வருடம் மண்ணோடு இருந்த ஆளுக்கு இந்த ஒரு விஷயம் தோன்றவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை, சொல்கிற பழக்கம்தான் உண்டு.

அந்த வாரமே பக்கத்துத் தெரு ஷஹ்பாஸ் கையில் பிளாஸ்டிக் பையோடு வந்தான். சவூதியிலிருந்து லீவில் வந்தவன். "மாமு, உம்மாவுக்கு கர்ப்பப்பை எடுத்தாச்சு. லேப்ல கொடுங்கன்னாங்க. உம்மாதான் வேணாம், பக்கீர் மாமுகிட்ட கொடுத்துடுன்னு சொன்னாங்க. குப்பையில போகக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

பக்கீர் முகம்மதுவுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "எடுத்துட்டுப் போடா! இப்பவே போ! லேப்ல கொடு, என்னன்னு பாரு, அப்புறம் மிச்சத்தைக் கேட்டு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் என் வாசல்ல நிக்காத!"

ஷஹ்பாஸ் திகைத்துப்போய் ஓடினான். நோயில் படுத்து மனிதருக்குப் புத்தி மாறிவிட்டது, ஈமானும் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அவருடைய கணக்கு வேறு இடத்தில் இருந்தது. நுணா மரத்தடியில் யார் யாருடையது என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். அவற்றில் எவை வெறும் சதை, எவை நோயின் எச்சரிக்கை என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. ஜெகபர் அலியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை வெள்ளை ஜிப்பா போட்டு, பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மெதுவாக நடந்து பள்ளிவாசலுக்குப் போனார். இரண்டாவது வரிசை, மூன்றாவது தூண். கைக்குட்டை விரித்துக் கிடந்தது. அவரைக் கண்டதும் ஜெகபர் அலியின் முகம் மலர்ந்தது. கைக்குட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தரையைக் கையால் தட்டி, "உக்காரு, உன் இடந்தான்" என்றார்.

பக்கீர் முகம்மது உட்கார்ந்தார். "ஜெகபரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிடுறேன்." ஜெகபர் அலி அவர் முழங்காலில் கை வைத்தார். "காலையில கமருவோட கபுருக்குப் போயிருந்தேன். அப்படியே நுணா மரத்தடிக்கும் போயி ஒரு பாத்திஹா ஓதிட்டு வந்தேன். அவ உடம்புல ஒரு துளிகூட குப்பைக்குப் போகலடா. அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது. அது உன்னாலதான். துஆவுல உன் பேரைச் சொல்லாத நாளில்ல."

பக்கீர் முகம்மது வாயைத் திறந்தார். அதற்குள் தொழுகை தொடங்குவதற்கான இகாமத் சொன்னார்கள். எல்லோரும் எழுந்தார்கள். இடைவெளி விடாமல் ஒட்டி நில்லுங்கள் என்று ஹஜ்ரத் முன்னாலிருந்து சொன்னார்.

முதல் ரக்அத்தில் எல்லாம் அமைதியாக இருந்தபோது வயிற்றுப் பை சத்தம் போட்டது. நன்றாகக் கேட்கும்படியான சத்தம். இடப்பக்கம் நின்றவர் மெல்ல ஓரடி நகர்ந்தார். பக்கீர் முகம்மதுவுக்கு அது வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் ஜெகபர் அலி நகர்ந்தார், இவரை நோக்கி. தோள் தோளில் பட்டது. பாதத்தின் ஓரம் பாதத்தில் ஒட்டியது. நான் இருக்கிறேன் என்று சொல்வதுபோல இன்னும் கொஞ்சம் அழுத்தி நின்றார்.

எத்தனையோ வெள்ளிக்கிழமை வீட்டில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனதை நினைத்து அழுதவர் அவர். இந்த வெள்ளிக்கிழமை ஜெகபர் அலியும் விலகிப் போயிருந்தால் அவர் அதைத் தாங்கியிருப்பார். ஒட்டி நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.